சட்டகமும் தளைநாரும்: மது வடித்தற் கருவிகள் பற்றியதொரு சமூகவியல் நோக்கு

கனடாவிலே தொழில் புரியும் உறவினர் ஒருவர் விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்திருந்தபொழுது, தமது வீட்டு வாகனக் கொட்டிலிலே தாமே ஒட்டி அமைத்த இரும்புச் சட்டகமொன்றின் புகைப்படங்களைக் காட்டினார். மூன்று படிகளாக உயர்ந்து நிற்கும் அச்சட்டகத்திலே மூன்று பெரிய உருக்குப் பாத்திரங்கள் அமர்ந்திருந்தன. வீட்டுத் தேவைக்குப் பியர் வடிப்பதற்கான ஏற்பாடு அது. அன்று மாலை பனங்கள்ளைப் பருகியவாறே அவர் ஒரு வினாவை எழுப்பினார்: “எங்கடை ஆக்களுக்கு இப்படி ஒரு சாமானைச் செய்யவேணுமெண்டு ஏன் தோன்றேல்லை?”

வினா எளிமையானது. ஆயினும் அதனுள்ளே இரு அனுமானங்கள் மறைந்து கிடக்கின்றன. தமிழர் தானியத்திலிருந்து மது வடிக்கும் நுட்பத்தை அறியாதிருந்தனர் என்பது ஒன்று. பனங்கள் இயற்கையாகவே கிடைப்பது, அதற்குக் கருவி வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் தவறானவை. முதலாவதைப் பழந்தமிழிலக்கியம் மறுக்கின்றது. இரண்டாவதை நமது ஊர்களின் அன்றாட வாழ்க்கையே மறுக்கின்றது. எனினும் இவ்விரண்டாம் அனுமானம் கள் அருந்துவோரிடையே மட்டுமன்றிப் பனையைப் பற்றி எழுதும் அறிஞரிடையேயும் நிலவுவதால், அதனைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியமாகின்றது.

மேலைநாட்டுச் சட்டகத்தின் தொழிற்பாட்டையும், பெரும்பாணாற்றுப்படை காட்டும் வடிப்பு முறையையும், யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலின் கருவித் தொகுதியையும் ஒப்புநோக்கி, கருவி என்பது எச்சமூக உறவின் வெளிப்பாடாக அமைகின்றது என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சட்டகம்

பியருக்கு மூலப்பொருள் பார்லி முதலிய தானியம். தானியத்தில் இருப்பது மாப்பொருள். மதுவம் எனப்படும் நுண்ணுயிரால் மாப்பொருளை நேரடியாக அற்ககோலாக மாற்ற இயலாது. முதலிலே மாப்பொருள் வெல்லமாக உடைக்கப்படல் வேண்டும். தானியம் முளைக்கும்பொழுது அதனுள் உருவாகும் நொதியங்களே இவ்வேலையைச் செய்கின்றன. எனவே தானியத்தை முளைக்கவைத்து, உலர்த்தி, உடைத்து, ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியசு வரையுள்ள நீரில் ஒரு மணிநேரமளவு ஊறவிடுவர். வெப்பம் மிகுந்தால் நொதியங்கள் அழியும். குறைந்தால் அவற்றின் தொழில் மந்தமாகும். பின்னர் வெல்லம் கரைந்த சாற்றை வடித்து, ஹொப் என்னும் கொடியின் பூவைச் சேர்த்து ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ கொதிக்கவைத்து, விரைவாகக் குளிரச் செய்து, மதுவத்தைச் சேர்த்து, ஒன்றிரண்டு வாரங்கள் நொதிக்க விடுவர்.

சட்டகத்தின் மூன்று படிகளும் இச்செய்முறையின் மூன்று கட்டங்களேயாம். மேற்படியிலே வெந்நீர்ப் பாத்திரம். நடுப்படியிலே தானியம் ஊறும் பாத்திரம். சாறு மட்டும் இறங்கும்பொருட்டு இதன் அடியிலே துளைகள் கொண்ட பொய்த்தட்டு ஒன்று அமைந்திருக்கும். கீழ்ப்படியிலே கொதிகலம். வெந்நீரை ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால், குழாய்களைத் திறந்துவிடும் அளவிலே அது தன் பாரத்தாலேயே படிப்படியாக இறங்கும். ஆகவே சட்டகத்தை அமைப்பவன் கவனிக்கவேண்டியவை மூன்று. மேற்பாத்திரத்தின் குழாய் கீழ்ப்பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே இருத்தல் வேண்டும். 20 லீற்றர் பியருக்கு 30 லீற்றர் அளவு நீரும், நாலைந்து கிலோகிராம் தானியமும் தேவைப்படுமாதலால், அப்பாரத்தை ஆடாது தாங்கும் வலிமை சட்டகத்துக்கு வேண்டும். தலைக்கு மேலே வெந்நீர் நிற்பதால் கால்களின் அகலம் உயரத்துக்கு ஏற்றதாக அமைதல் வேண்டும். இவ்விடரைத் தவிர்க்க விரும்புவோர் மூன்று பாத்திரங்களையும் ஒரே மட்டத்தில் வைத்து, சிறிய பம்பி ஒன்றினாலே திரவத்தை நகர்த்துவர்.

இங்கு மனங்கொள்ளத்தக்க வரலாற்றுண்மை ஒன்றுண்டு. இச்சட்டகம் தொன்மையான கருவி அன்று. பிரித்தானியாவில் 1880 முதல் வீட்டில் பியர் வடிப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1963 இலேயே அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலே 1978 ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டத்தின் பின்னரே வீட்டு வடிப்பு கூட்டாட்சி மட்டத்தில் சட்டபூர்வமாயிற்று. வடிப்புத் தொழில் பெரும் ஆலைகளின் கைக்கு முற்றாகச் சென்றுவிட்ட சமூகத்திலே, ஓய்வு நேரமும் சேமிப்பும் உடைய ஒருவன் தான் இழந்துவிட்ட கைவினையைத் தன் வீட்டிலே மீட்டுக்கொள்ள முயல்வதன் வடிவமே இச்சட்டகம். அவன் விற்பதற்காக வடிக்கவில்லை. வடிக்காவிடில் பட்டினி கிடக்கவும் மாட்டான். உழைப்பு இங்கு இன்பமாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம்.

2. பெரும்பாணாற்றுப்படையின் சாடி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படை, பத்துப்பாட்டினுள் ஒன்று. பாணன் செல்லும் வழியில் எதிர்ப்படும் குடியிருப்புக்களை வரிசையாகக் காட்டிச் செல்லும் அந்நூல், வலைஞர் குடியிருப்பை விவரிக்குமிடத்தில் அங்கு வடிக்கப்படும் மதுவின் செய்முறையைப் படிப்படியாகத் தருகின்றது.

குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அகன்ற வாயையுடைய ‘பிழா’ என்னும் ஏனத்திலே அதனை ஆறவிடுகின்றனர். புற்றினுள்ளே காணப்படும் கறையான் கூட்டை ஒத்த தோற்றமுடைய ‘நல்லடை’யை அதனோடு கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியும்வரை வலிய வாயையுடைய சாடியிலே விளையவிடுகின்றனர். பின்னர் வெந்நீர் கொண்டு அரித்து, விரலாற் பிசைந்து பிழிகின்றனர். சுட்ட மீனோடு அது விருந்தினருக்கு வழங்கப்படுகின்றது.

நல்லடை என்பதனை முளைத்த தானியத்தோடு தொடர்புபடுத்திப் பொருள்கொள்வது உரைமரபு. முளையாயினும் சரி, பூஞ்சணம் படர்ந்த அடையாயினும் சரி, அதன் தொழில் ஒன்றே: மாப்பொருளை வெல்லமாக்கும் நொதியங்களை அது தருகின்றது. களியை ஆறவைத்த பின்னரே அதனைக் கலக்கவேண்டும் என்ற அறிவு, வெப்பம் மிகுந்தால் நொதியம் அழியும் என்ற இன்றைய விளக்கத்தின் அனுபவ வடிவமாகும். சமைத்தல், ஆற்றுதல், கலத்தல், விளைவித்தல், அரித்தல் என்னும் வரிசை, கனடாவிலே நிற்கும் சட்டகத்தின் படிகளோடு அடிப்படையில் ஒத்துச் செல்கின்றது. வேறுபாடு யாதெனில், அங்கே ஏனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இங்கே பிழாவும் சாடியும் தரையிலே பக்கம் பக்கமாக நிற்கின்றன, அவற்றிடையே பொருளை நகர்த்துவது கை.

இப்பகுதியை விருந்தோம்பலின் சிறப்புக்குச் சான்றாகவோ பழந்தமிழர் உணவுப் பட்டியலின் ஓர் உருப்படியாகவோ காண்பதே நமது வகுப்பறை வழக்கம். ஆனால் இவ்வடிகளில் நிறைந்திருப்பவை உணவின் பெயர்கள் அல்ல, தொழிலின் வினைகள். புலவன் சுவையைப் புகழ்வதிலும் பார்க்கச் செய்கையைச் சொல்வதிலேயே கவனம் செலுத்துகின்றான். வடிப்பவரும் அருந்துபவரும் ஒரே குடியிருப்பினராக இருந்த நிலையிலேயே செய்கை இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தது எனக் கொள்ளலாம். பிற்காலத்தில் உழைப்போரும் நுகர்வோரும் சாதியாலும் நிலவுடைமையாலும் பிரிக்கப்பட்டபொழுது, நுகர்பொருள் மட்டும் எஞ்சிற்று. செய்கை இலக்கியத்தின் பார்வையிலிருந்து விலகிற்று.

யாழ்ப்பாணத்திலே கள் அருந்தப் பயன்படும் பனையோலைக் கலத்துக்குப் ‘பிளா’ என்று பெயர். ஒலியிலும் பயன்பாட்டுச் சூழலிலும் பழைய பிழாவோடு இச்சொல் கொண்டுள்ள நெருக்கம் சொல்லாராய்ச்சியாளரின் கவனத்துக்குரியது.

3. பனையும் கருவித் தொகுதியும்

பனங்கள்ளுக்கு மாப்பொருளை உடைக்கவேண்டிய தேவையில்லை. பாளையிலிருந்து சொட்டும் நீரிலேயே வெல்லம் கரைந்திருக்கின்றது. பெரும்பாலும் அதன் பங்கு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவமும் பற்றீரியாக்களும் சில மணிநேரங்களுள்ளேயே நொதித்தலைத் தொடங்கிவிடுகின்றன. வெந்நீர்ப் பாத்திரமும் கொதிகலமும் இங்கு வேண்டாதன. இதனைக் கண்டே கள் ‘தானாகக் கிடைப்பது’ என்ற எண்ணம் தோன்றிற்று. பியர் வடிப்பவனுக்குரிய சிக்கல் இரசாயனத்தில் உள்ளது. சீவுபவனுக்குரிய சிக்கல் உயரத்தில் உள்ளது.

பனை பாளை தள்ளும் பருவத்தை அடையப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் கள் இறக்கலாம். ஆனால் பாளையைப் பக்குவப்படுத்தும் முறை இரண்டுக்கும் வேறானது. பாளையை நாள்தோறும் மெதுவாகத் தட்டி நசித்து, கட்டி, நுனியை மெல்லிதாகச் சீவிவரச் சில நாட்களின் பின்னரே நீர் சுரக்கத் தொடங்கும். அளவுக்கு மிஞ்சித் தட்டினால் பாளை அழுகும், போதாதெனில் சுரக்காது. தடிப்பாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். சீவாது விட்டால் வெட்டுவாய் அடைபட்டு ஊற்று நின்றுவிடும். ஆதலால் பருவம் முழுவதும், மழையோ காய்ச்சலோ வீட்டிலே துக்கமோ, ஒருநாளும் தவறாது மரத்தில் ஏறவேண்டும்.

இதற்குரிய கருவிகள் சிலவே. கால்களை இணைத்து மரத்தோடு பற்றவைக்கும் தளைநார். அதுவும் பனையின் நாராலேயே ஆனது. பாளையைத் தட்டும் பொல்லு. மிகக் கூரிய பாளைக்கத்தி. அதனை வைக்க அரையிலே கட்டும் கூடு. பாளையிலே கட்டும் மண்முட்டி. இறக்கிய கள்ளைக் கொண்டுவரும் கலம். நொதிக்காத இனிய கருப்பநீர் வேண்டுமாயின் முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசப்படும். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களைத் தடுக்கின்றது. அக்கருப்பநீரைக் காய்ச்சியே பனங்கட்டி ஆக்கப்படுகின்றது. சுண்ணாம்பு இன்றேல் கள். கள்ளை மேலும் வைத்திருந்தால் அற்ககோல் அசற்றிக்கமிலமாகி வினாகிரி. முட்டியின் அடியிலே தங்கும் மண்டி மறுநாளைய நொதித்தலுக்கு வித்தாகின்றது. முற்றாகக் கழுவினால் கள் முறுகப் பிந்தும். கழுவாதுவிட்டால் விரைவிற் புளிக்கும். எவ்வளவு விடவேண்டும் என்பது தொழிலாளியின் அறிவு. மேலைநாட்டு வடிப்பாளன் பொதியிலடைத்து வாங்கும் மதுவத்தை இவன் முட்டியிலே பேணி வருகின்றான்.

உழைப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடைத்து. எடுத்துக்காட்டாக, 15 மீற்றர் உயரமுள்ள 20 பனைகளிலே ஒருவர் காலையும் மாலையும் ஏறுவதாகக் கொள்வோம். ஒரு நாளில் அவர் ஏறும் உயரம் 600 மீற்றர். அதே அளவு இறக்கமும் உண்டு. 60 கிலோகிராம் எடையுள்ள தம் உடலையே அவ்வுயரத்துக்கு அவர் தூக்குகின்றார். சட்டகத்திலே 30 லீற்றர் நீர் ஏறத்தாழ 1.8 மீற்றர் உயரத்துக்கு ஒருமுறை ஏற்றப்படுகின்றது. இரண்டினையும் பெருக்கி ஒப்பிட்டால், சீவுபவர் ஒரு நாளிற் செய்யும் ஏற்றவேலை சட்டகத்தின் வேலையிலும் 600 மடங்குக்கு மேற்பட்டது. சட்டகத்திலே உயர்த்தப்படுவது நீர். பனையிலே உயர்த்தப்படுவது மனிதன். கருவி இல்லை என்று நாம் கருதும் இடத்திலே மனித உடலே கருவியாக நிற்கின்றது.

இலங்கையின் தென்மேற்குக் கரையிலே, களுத்துறைப் பக்கத்தில், தென்னங்கள் இறக்குவோர் மரத்துக்கு மரம் கட்டப்பட்ட கயிற்றுப் பாதையிலே நடந்து செல்வர். ஒரு மரத்தில் ஏறிப் பல மரங்களைச் சீவி இறங்கும் இவ்வேற்பாடு ஏற்றத்தின் அளவைப் பெரிதும் குறைக்கின்றது. யாழ்ப்பாணத்திலோ ஒவ்வொரு பனையும் தனித்தனியாக ஏறப்படுகின்றது. மரத்தின் இயல்பும் தோப்பின் அமைப்பும் இதற்குக் காரணமாகலாம். ஆயின் வேறொரு காரணத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சிறு சிறு காணிகளின் வேலிகளிலும் எல்லைகளிலும் சிதறி நிற்கும் பனைகள் பல உடைமையாளருக்கு உரியன. அவற்றைத் தன் வசதிக்கேற்ப இணைக்கும் உரிமை ஏறுபவனுக்கு என்றுமே இருந்ததில்லை.

4. மரம் யாருடையது?

கனடாவிலுள்ள வடிப்பாளனுக்குச் சட்டகமும் சொந்தம், விளையும் பியரும் சொந்தம். யாழ்ப்பாணத்துத் தொழிலாளிக்குத் தளைநாரும் கத்தியும் முட்டியும் சொந்தம். தலையாய உற்பத்திச் சாதனமாகிய மரம் சொந்தமன்று. வாரமாகவோ குத்தகையாகவோ அதன் பயனில் ஒரு பகுதி நிலவுடைமையாளனைச் சென்றடைந்தது.

இவ்வுறவுக்கு நீண்ட வரலாறுண்டு. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707 அளவில் தொகுக்கப்பட்ட தேசவழமை, பள்ளரையும் நளவரையும் அடிமைகளின் வகைகளுள் வைத்துப் பேசுகின்றது. 1844 இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் நிலம் கைமாறாத நிலையில், குடிமை உறவுகள் வேறு வடிவில் நீடித்தன. சீவல் தொழில் பெரும்பாலும் நளவர் சமூகத்தவர்க்கும், ஓரளவு பள்ளர் சமூகத்தவர்க்கும் உரியதாக விதிக்கப்பட்டிருந்தது. தொழில் தேர்வன்று, பிறப்பின் கட்டளை.

அரசும் இவ்வுறவினுள் ஒரு பங்காளியாக நுழைந்தது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் மது உற்பத்தியையும் விற்பனையையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்திற்று. மரவரி முறையிலே மரத்துக்கு மரம் வரி செலுத்தவேண்டியிருந்தது. தவறணை முறையிலே குத்தகைக்காரன் இடையிலே நின்றான். பனையின்கீழ் உரிமையாளன், குத்தகைக்காரன், மதுவரி அதிகாரி என மூவர் நிற்க, மேலே ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான் எனக் கூறின் அது மிகையன்று.

இங்கே பிளாவை மீண்டும் நினைவுகொள்ளலாம். தேநீர்க் கடைகளிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் கலங்கள் வைக்கப்பட்டிருந்த காலத்திலும், அவர்கள் கையால் இறக்கிய கள்ளை உயர்சாதியினர் அருந்தத் தயங்கவில்லை. ஒருமுறை குடித்தபின் வீசிவிடத்தக்க ஓலைக்கலம் இம்முரண்பாட்டுக்கு வசதியாக அமைந்தது. உழைப்பின் பயனை ஏற்று, உழைப்பவனின் தீண்டலை மறுக்கும் சமூகத்துக்கு அது ஏற்ற கருவியே. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் மட்டும் இந்நிலையை மாற்றவில்லை. 1966 ஒக்டோபரிலே தொடங்கிய தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களே தேநீர்க் கடைகளையும் ஆலயங்களையும் திறக்கச் செய்தன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ முதலிய நாவல்கள் அவ்வனுபவத்தினின்றும் எழுந்தவை. ஈழத்து நாவலிலே இம்மக்கள் வரலாற்றை இயக்குவோராக இடம்பெற்றமைக்கு அவை முக்கிய சான்றுகளாகும்.

1970களின் தொடக்கத்திலே தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியமை இவ்வரலாற்றின் திருப்பமாகும். கள்ளைச் சேகரித்தல், விற்றல், போத்தலில் அடைத்தல் ஆகியவை தொழிலாளரின் அமைப்புக்களுக்குள் வந்தன. பருவத்திலே மிஞ்சும் கள்ளிலிருந்து பனஞ்சாராயம் வடிக்க வடமராட்சியிலே திக்கம் வடிசாலை அமைந்தது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இடைத்தரகரின் இடத்தைச் சங்கம் பெற்றமை சிறிய மாற்றமன்று. ஆயினும் மரமும் நிலமும் முன்போலவே இருந்தன என்பதையும் மறுத்தற்கியலாது. பின்னர் நிகழ்ந்த போரிலே பனைகள் பெருமளவில் அழிந்தன, பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. தோப்புக்களோடு சங்கங்களின் வலுவும் குன்றிற்று.

5. முடிவுரை

பனையைக் கற்பகதரு எனப் போற்றும் மரபு நம்மிடையே வலுவானது. அதன் பயன்களைப் பட்டியலிட்டுப் பாடிய நூல்களும் உண்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ‘தாலவிலாசம்’ யாழ்ப்பாணத்தார் நன்கறிந்தது. பனையை நேசிப்பது குற்றமன்று. ஆனால் பயன்களை மட்டும் எண்ணும்பொழுது, மரம் தானே தருகின்றது என்ற மயக்கம் உண்டாகின்றது. கற்பகதருவில் எவரும் ஏறவேண்டியதில்லை, பனையில் ஏறவேண்டும். விழுந்து முதுகொடிந்தவர்கள் நமது ஊர்களிலே உள்ளனர்.

இன்று இளந்தலைமுறையினர் இத்தொழிலை விட்டு விலகுகின்றனர். இதனைப் பண்பாட்டுச் சீரழிவெனப் புலம்புவோர், தம் பிள்ளைகளைப் பனையில் ஏற அனுப்புவார்களா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இழிவும் ஆபத்தும் இணைந்த தொழிலைக் கைவிடுவது ஒருவகையில் விடுதலையே. அதேவேளை, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவும் அத்தோடு மறைகின்றது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏற்பதே அறிவியல் நோக்கு.

இதன்வழி செய்யத்தக்கவை இரண்டு எனத் தோன்றுகின்றது. முதலாவது, கருவிகள், பாளையின் பருவங்கள், முட்டி பேணும் முறை ஆகியவற்றுக்குரிய சொற்களைத் தொழிலாளரிடமிருந்தே கேட்டுத் தொகுத்தல். இது மொழித்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. தகவல் தருவோரைப் பெயரற்ற ‘மரபின் எச்சங்களாக’ அன்றித் துறையறிஞராக மதித்து மேற்கொள்ளப்படல் வேண்டும். இரண்டாவது, ஏறுகருவிகளும் பாதுகாப்புப் பட்டிகளும் கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் ஆய்வுப் பொருளாவதோடு நின்றுவிடாது, தொழிலாளர் சங்கங்களின் உடைமையாதல். கருவி மேம்பட்டும் அதன் உடைமை பிறரிடம் தங்குமாயின், ஏறுபவனின் களைப்புக் குறையலாம். அவன் நிலை உயராது.

உறவினரின் வினாவுக்கு விடை இதுவே. நம்மவர்க்குச் சட்டகம் அமைக்கத் தோன்றாமற் போகவில்லை. சாடியும் பிழாவும் கொண்டு தானிய மது வடித்தவர்கள் தமிழர். பனையிலே அவர்களுக்குச் சட்டகம் தேவைப்படவில்லை. ஏனெனில் அவ்விடத்திலே ஒரு சாதி நிறுத்தப்பட்டிருந்தது. இதனைக் கூறியபொழுது அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பின்பு, கள் கொண்டுவந்து தந்த பெரியவரின் பெயர் என்ன என்று கேட்டார். அவ்வீட்டுக்குப் பல ஆண்டுகளாகக் கள் கொண்டுவரும் அவரின் பெயர் எனக்கும் அன்றுவரை தெரிந்திருக்கவில்லை.